ஒன்பது புள்ளி ஆறு

எனக்கு வயது நூற்றைம்பது என்று நான்தான் சொன்னேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்றோ நான்கோ வருஷம் இருக்கும். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் தீப்பெட்டி ஆபீஸில் ரத்தம் பார்க்க முகாம் போட்டார்கள். பெட்டி அடைக்கிற பெண்கள் நாற்பது பேரும் வரிசையில் நின்றோம். நர்ஸம்மா விரலில் குத்தி, ரத்த அளவைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். ஏழுக்குக் கீழே இருப்பவர்களை வேனில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் ஏற்றுவார்கள். சீட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிப்பது எங்கள் கிளார்க் பெண். கடம்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்த மிதப்பு கொஞ்சம் உண்டு.

“வயசு என்ன ஆச்சி?”

“நூத்தம்பதுன்னு போடுட்டி. வெள்ளக்காரன் சுருட்டுக்கே நாந்தான் தீப்பெட்டி குடுத்தேன்.”

“வெளையாடுதியளா? இருங்க, உங்களுக்குன்னே ஒரு ஃபார்முலா போடுதேன். பதினெட்டுக்குக் கீழயோ எழுவதுக்கு மேலயோ அடிச்சா தப்புன்னு தள்ளிட்டு, அதுவே சராசரிய எடுத்துப் போட்டுக்கிடும்.”

தட்டினாள். என் பெயருக்கு நேரே முப்பத்தெட்டு என்று வந்து நின்றது. என் மூத்த மகனுக்கே அப்போது நாற்பத்திரண்டு.

“கேட்டுக்கோங்கட்டி! இனி எவளாவது ஆச்சின்னு கூப்பிட்டா நடக்கதே வேற. அக்கான்னு கூப்பிடுங்க.”

எல்லாரும் சிரித்ததில் கிளார்க்குக்கும் சந்தோஷம். “ரத்தக் கட்டத்துக்கும் இதே மாதிரி போட்டுட்டேன். ஆறுக்குக் கீழன்னா ஆளு எந்திரிச்சே நடக்க முடியாதுல்லா? நர்சம்மா கை தவறி எழுதியிருப்பாவ. அதுவே சரி பண்ணிரும்” என்றாள்.

எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் ஆடு மேய்க்கிற வீட்டு மருமகள். ஏழு மாசம். மடியில் கரிசல் மண்கட்டி வைத்துக் கடித்துக்கொண்டே இருப்பாள். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர். அவள் சீட்டை வாங்கிப் பார்த்தேன். எனக்கு எழுத்து வராது. பெட்டி எண்ணிய பழக்கத்தில் எண் வரும். நாலு புள்ளி எட்டு.

“ஒங்க கிடையில கெடக்க ஆட்டுக்குட்டிக்கு இதவிடக் கூட இருக்கும்ட்டி” என்றேன். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, நடந்து போய்த்தான் சீட்டைக் கொடுத்தாள்.

மறுவாரம் எல்லார் ரத்த அளவையும் கம்ப்யூட்டரில் அச்சடித்து, தாளைச் சுவரில் ஒட்டினார்கள். அவளுக்கு நேரே ஒன்பது புள்ளி ஆறு.

“எனக்கு ஏறிருச்சு ஆச்சி! ஆஸ்பத்திரியில கெடந்தா ஆட்ட எவ பாப்பான்னு மாமியா ஏசிக்கிட்டே இருந்தாவ. இனி போவண்டாம்.”

நாலு எட்டு எனக்கு மறக்கவில்லை. சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“எனக்கு வயசு கொறஞ்சாப்புல ஒனக்கு ரத்தம் கூடிருச்சு. மண்ணு நல்லா வேல செய்யுது. இன்னும் ரெண்டு கட்டி தின்னு.”

வேன் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனது. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி அடைத்தாள்.

பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. ரொம்பவெல்லாம் ரத்தம் போகவில்லையாம். போவதற்கு அவளிடம் அவ்வளவு இருந்ததில்லை.

காரியம் முடிந்த மறுநாள் கிளார்க்கிடம் போய் நின்றேன். பழைய சீட்டுக் கட்டைப் பிரித்து, நாலு எட்டைத் தேடி எடுத்து, மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டரில் அதே தாள்.

“சராசரின்னா என்னட்டி?”

“எல்லாரு ரத்தத்தையும் கூட்டி, ஆள் கணக்குக்கு வகுக்கது.”

“அப்ப நாங்க அத்தன பேரும் அவளுக்கு ரத்தம் குடுத்திருக்கோம்.”

அழுவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அழவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“இந்தச் சீட்ட நீங்க பாத்தீயளாம்லா? தாளையும் பாத்தீய. ஒரு வார்த்த ஏன் சொல்லல ஆச்சி?”

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். என் வயது இன்னும் முப்பத்தெட்டு. பக்கத்து வரியில் செத்துப்போன அந்தப் பெண்ணின் வயது, இருபத்தொன்று. அது பதினெட்டுக்கும் எழுபதுக்கும் நடுவில் இருந்ததால் கம்ப்யூட்டர் அதைத் தொடவே இல்லை.