பெட்டி மரத்துக் கிடார்

பெண் பார்க்கப் போன இடத்தில் என் சித்தப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பொண்ணு நல்லா பாடும்" என்று பெண்ணின் அப்பா சொன்னதும் அவருக்குப் பொறுக்கவில்லை. "எங்க பையன் கிடார் வாசிப்பான்லா!" என்று எடுத்துவிட்டார்.

எண்பதுகளின் கடைசி. நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். கிடாரை சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. "ஆமா, ஏதோ கொஞ்சம்" என்றேன்.

"அப்ப நிச்சயத்துக்குக் கொண்டு வாங்க மாப்ள" என்றார் அவள் அப்பா.

இரண்டு மாதம் இருந்தது. பொய் வெளிப்பட்டால் அவள் எனக்கில்லை. கடைக் கிடார் கைக்கு எட்டாத விலை. புது மெஷின்கள் வந்திறங்கிய பெட்டிகளின் பைன் பலகைகள் மில்லுக்குப் பின்னால் கிடந்தன. கேன்டீன் அடுப்புக்குப் போகிற மரம். மில் ஆசாரி என் கூட்டாளி. ஒரு பலகையைத் தட்டிப் பார்த்தவன், "ஏலே, இது கணீர்னுல்லா கேக்கு!" என்று குதித்தான்.

அவன் இழைத்தான், வெந்நீரில் ஊறவைத்து வளைத்தான், ஒட்டினான். கழுத்தில் விரல் வைக்கும் இடத்துக்குக் குறுக்குக் கம்பி பதிப்பது என் வேலை. சைக்கிள் ஸ்போக்கை வெட்டி, மில்லில் நூல் சுற்றும் ஸ்பிண்டில் வரிசை மாதிரி, இம்மி பிசகாமல் சம இடைவெளியில் பதித்தேன். எனக்கே பெருமை தாங்கவில்லை. கிடாரில் அந்த இடைவெளி குறைந்துகொண்டே வர வேண்டும் என்று யார் கண்டது! பழகும்போது அபசுரமாகத்தான் கேட்டது. விரலின் குறை என்று நினைத்துக்கொண்டேன்.

நிச்சயத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் வீட்டில், பால்கோவாத் தட்டுகளுக்கு நடுவே, தெரிந்த ஒரே மெட்டை வாசித்தேன். முதல் அடியிலேயே ஒரு பெரியவர் காதைத் தேய்த்துக்கொண்டார். இரண்டாவது அடியில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. அவள் எழுந்து வந்து கிடாரை வாங்கி, ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். மழையில் நனையக் கூடாது என்று பெட்டியில் அச்சடித்த குடைப் படம் உள்ளே அப்படியே இருந்தது.

"உள்ள குடை இருக்கு!" சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால்.

இனி மறைத்து என்ன? "மாமா, எனக்கு வாசிக்கத் தெரியாது. இதைப் பெட்டி மரத்துல நாங்களே செஞ்சோம்" என்று போட்டு உடைத்தேன். சித்தப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கிடாரை அணைத்துப் பிடித்தபடி அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, எனக்குப் பாட வராதுன்னு நீங்களும் சொல்லிருங்க."

தை மாதமே கல்யாணம். நான் வாசிப்பேன், அவள் பாடுவாள், பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொள்ளும். எங்களுக்கா கவலை!