ருசி பார்க்காத பொங்கல் குழம்பு

மொச்சையும் பரங்கிக்காயும் புளியோடு கொதிக்கிற வாசனை… எங்கள் வீட்டில் பொங்கல் வந்துவிட்டது என்று அதுதான் முதலில் சொல்லும்.

பட்டுக்கோட்டைப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டு வந்த முதல் பொங்கல். சாமிக்குப் படைக்கும் முன் எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. இன்றுவரை நான் அதை மீறியதில்லை. அன்று குழம்புக்கு உப்புப் போட்டேன். புதுப்பெண் மறந்திருப்பாள் என்று மாமியாரும் போட்டுவிட்டார்கள்.

படைத்து, சூடம் காட்டி, இலை போட்டாயிற்று. கொழுந்தனார், நாத்தனார், பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் வாய் வைத்தவர் என் வீட்டுக்காரர்.

"என்னம்மா… முத்துப்பேட்டைக் கடல் தண்ணிய மொண்டாந்து ஊத்திட்டியா?"

"சாமியே ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டுச்சு. உனக்கு என்னடா நொட்டை?" என்றார்கள் மாமியார்.

பந்தியே சிரித்தது. நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

கை கழுவ வந்தவர் பார்த்துவிட்டார். "இந்தா… நீ வச்ச குழம்புன்னு தெரியாது. அம்மாவைத்தான் கிண்டல் பண்ணேன். இனிமே சூடம் காட்டினதும் எனக்கு ஒரு சொட்டு குடு. இலை போடறதுக்குள்ள சொல்லிடறேன்."

அப்படியே செய்தார். பண்டிகைக்குப் பண்டிகை, நெற்றி விபூதியோடு நேரே அடுப்படிக்கு வந்து உள்ளங்கையை நீட்டுவார். "கொஞ்சம் வெந்நீர் விடு" என்பார். இல்லை, "இன்னும் ஒரு சிட்டிகை." மற்ற நாளெல்லாம் பேப்பரைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்து போய்விடுவார். நல்லா இருக்கு, நல்லா இல்லை… ஒரு வார்த்தை வராது. எனக்கு அதில் வருத்தம்தான். பண்டிகை வந்தால் தீர்ந்துவிடும்.

மளிகை, பால், கேஸ் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுகிறவள் நான். அரிசி, வெல்லம், நெய்க்கெல்லாம் அளவு உண்டு. உப்புக்கு எழுதி வைக்கவே இல்லை. அவர் இருக்கும்போது எதற்கு?

அவர் போய்ச் சேர்ந்த வருஷம் பண்டிகை கிடையாது. இதுதான் அவர் இல்லாத முதல் பொங்கல். மகன் துபாயில். மகள் அவள் மாமியார் வீட்டில். தனியாகப் பொங்கி, படைத்து, சூடம் காட்டிவிட்டு, என் உள்ளங்கையிலேயே ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். சரியாக இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

வீடியோ காலில் எட்டிப் பார்த்த மகன், "சூப்பர்ம்மா!" என்றான். பக்கத்து வீட்டுப் பெண், நான் குழம்பு ஊற்றிக் கொடுத்த டிபன் பாக்ஸைத் திறக்காமலே, "நீங்க வச்சா நல்லாத்தான்க்கா இருக்கும்" என்றாள்.

ஒரு குறைக்கா அன்று அப்படி அழுதேன்… இப்போது யாராவது வந்து, உப்பு கூடிப்போச்சு என்று சொன்னால் தேவலை.