பாக்கெட்டில் இருப்பவர்

ஹபீபா பீவி மாமி எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் ஒரு கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பார். பாயான் பாருவுக்குப் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் பல வருடம் மைக்ராஸ்கோப்புக்குள் பார்த்து, கெட்ட சில்லுகளைப் பொறுக்கிப் போட்ட கண் அது. ஃபேக்டரி ஆளைக் குறைத்தபோது மாமியையும் அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே வீட்டு அடுப்பில் மல்லியும் மிளகாயும் வறுத்து, மீன்தலைக் கறி மசாலா அரைத்து, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மேசை போட்டுவிட்டார்.

"என் மவ கல்யாணம் நல்லபடியா நடக்கணும். அதுக்குத்தான் இந்த அரைப்பு எல்லாம்" என்றுதான் அவர் என்னிடம் முதலில் சொன்னார்.

நான் ஜார்ஜ்டவுனில் சுகுமாரன் அண்ணனின் விளம்பர நிறுவனத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கெப்பாலா பத்தாஸில் இருக்கும் அப்பாவுக்கு என் வேலை பிடிபடவே இல்லை.

"சாமான் விக்கிறியா தனு?"

"இல்லப்பா. சாமானுக்குக் கதை எழுதறேன்."

"சாமானுக்கு எதுக்குலா கதை?"

எனக்கும் சரியாகத் தெரியாது. சுகுமாரன் அண்ணன் சொன்னதைத்தான் அப்பாவிடம் ஒப்பித்தேன். மசாலா ஆயிரம் இருக்கிறது, ருசியை நாக்கில் வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் ஜனங்கள் மனதில் வைத்துப் பார்க்கிறார்கள், அந்த இடத்துக்குப் போகத்தான் கதை வேண்டும்.

அந்தக் கதையைத் தேடித்தான் மாமியின் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். மகள் நூர் ஃபாத்திஹா மழலையர் பள்ளி ஆசிரியை, என் வயதுதான். தேநீர் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சுவரில் ஒரு படம். ஃபெரி துறையில் சட்டைக் காலர் பறக்க நிற்கும் இளைஞர்.

"யாரு மாமி இது?"

"அவ அத்தா. இஸ்மாயில். இந்த மசாலா பக்குவம் அவரு சொல்லிக் குடுத்ததுதான். நான் ஃபேக்டரி வுட்டு வரும்போது அவரு சமைச்சு வச்சிருப்பாரு."

"இப்ப?"

மாமி அரைக்கும் மிஷினின் மூடியைத் துடைத்தார். "அவரு போயிட்டாரு."

நான் தலைகுனிந்தேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். மேற்கொண்டு எதுவும் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன்.

இரண்டு நாளில் எழுதி முடித்தேன். 'அத்தா மசாலா' என்று பெயர். பாக்கெட்டின் முன்னால் ஃபெரி துறை முகம். பின்னால், ஒரு பெண் தன் மறைந்த கணவரின் கைப்பக்குவத்தைக் கைவிடாமல் காப்பாற்றும் கதை. மலாயில் அவர் பெயருக்கு முன்னால் 'அர்வா' என்று போட்டோம். இறந்தவர்களுக்குப் போடுவது அது. அச்சுக்குப் போகும் முன் மாமியிடம் காட்டினேன். ஒரு கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தார். சில்லு பொறுக்கிய கண்ணுக்குப் பிழை ஏதும் தப்பாது என்று தைரியமாக இருந்தேன்.

"நல்லா இருக்கு" என்றார் மெதுவாக. "இப்படியே போட்ரு."

"சீனங்க எல்லாம் ஆட்டா மாவுன்னு நெனச்சு வாங்கப் போறானுங்கம்மா" என்று ஃபாத்திஹா உள்ளிருந்து கத்தினாள். மசாலாவின் பெயரை மட்டும்தான் அவள் பார்த்திருந்தாள், பின்பக்கக் கதையைப் படிக்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

மசாலா ஓடியது. சுகுமாரன் அண்ணன் அடுத்த கட்டத்துக்குப் போனார். "மாமி, நீங்களே ஃபோன் முன்னாடி உட்கார்ந்து பேசுங்க. நீங்க அழக்கூட வேண்டாம்லா. அவங்க அழுவாங்க."

வாரம் ஒரு நேரலை. ஃபாத்திஹா ஃபோனைப் பிடித்துக்கொள்வாள். முதல் வாரம் மாமி, "அவரு இல்ல" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் மாமி சொன்னதில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாமியின் விரலைப் பிடித்துக்கொண்டு, "மல்லிய கருக விட்டுடாதே" என்றார். அந்த வரியைக் கேட்டு அலுவலகத்தில் எல்லோருக்கும் கண் கலங்கியது. என்னால் அப்படி ஒன்றை எழுத முடியவில்லையே என்றுகூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

திரையில் கீழே ஒரே பிரார்த்தனைதான் வந்துகொண்டிருக்கும். இறந்தவருக்காக ஓதும் குர்ஆன் அத்தியாயத்தின் பெயர், வரிசை வரிசையாக. அல் ஃபாத்திஹா. அல் ஃபாத்திஹா. அல் ஃபாத்திஹா.

"முன்னூறு பேரு சேந்து என் பேரச் சொல்லிக் கூப்புடுற மாதிரி இருக்கு தனு" என்றாள் ஃபாத்திஹா ஒரு நாள். "எதுக்குக் கூப்புடுறாங்கன்னுதான் தெரியல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சம்பந்தமும் அந்தப் பாக்கெட் வழியாகவே வந்தது. ரொஸ்னா என்ற அம்மா மாமியின் நேரலை ஒன்றையும் விடமாட்டார். ஒரு நாள் இனிப்புத் தட்டோடு வீட்டுக்கே வந்து, தன் மகன் சதாமுக்குப் பெண் கேட்டார். "புருஷன் மவுத்துக்கு அப்புறமும் அவரு பேர இப்படிக் காப்பாத்துற பொம்பள வளர்த்த புள்ள. வேற என்ன விசாரிக்கணும்?" ஃபாத்திஹாவுக்கும் சதாமைப் பிடித்திருந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து நிக்காஹ் என்று பேசி முடித்தார்கள்.

அதன் பிறகு ஒரு மாலை ஃபாத்திஹா என் அலுவலகத்துக்கே வந்தாள். கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்தோம்.

"சமய அலுவலகத்துல வலி யாருன்னு கேக்குறாங்க."

"வலியா? எங்க வலி?"

"அந்த வலி இல்லலா. நிக்காஹ்ல பொண்ணு சார்பா நின்னு ஒப்புக்குடுக்குற ஆளு. அத்தா உசிரோட இருந்தா அவருதான் நிக்கணும். இல்லன்னா மரணச் சான்றிதழ் காட்டணும்."

"சரி, அதைக் காட்டு."

அவள் காப்பியைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எங்க அத்தா அக்கரையில ஜுரு ஊருல இருக்காரு தனு. கார் கடையில வேல. பத்து வருஷத்துக்கு முந்தி வீட்ட வுட்டுப் போயிட்டாரு. செத்திருந்தா அம்மா மவுத்தாயிட்டாருன்னு சொல்லியிருப்பாங்க. போயிட்டாருன்னா போயிட்டாருதான். எங்காளுங்க யாரக் கேட்டாலும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லியிருப்பாங்களே."

நான் யாரையும் கேட்கவில்லை. நாலு வருடம் படித்ததில், கேட்டது சரியா என்று திரும்பக் கேட்கும் பாடம் மட்டும் இல்லாமல் போய்விட்டதா?

"நீ ஏன் இவ்வளவு நாள் சொல்லலை?"

"அம்மா முகத்தப் பாத்தியா நீ, அந்தப் பாக்கெட்டுக்கு அப்புறம்?"

அன்றைக்கே மாமியிடம் போனோம். அவர் மறுக்கவில்லை. மிளகாய் வறுத்துக்கொண்டே பேசினார்.

"வுட்டுட்டுப் போனவன் பொண்டாட்டின்னா லிஃப்டுல கூட ஒரு மாதிரிதான் பாப்பாங்க. நீ அந்தப் பேப்பரக் கொண்டாந்து காட்டின அன்னிக்கு நிம்மதியாத் தூங்கினேன். இப்ப எல்லாரும் எனக்கு சலாம் சொல்லுறாங்க. அவரு தம்பி கிட்டப் பேசிட்டேன். அண்ணன் மவுத்து, சான்றிதழ் தொலஞ்சுபோச்சுன்னு சொல்லி அவரே வலியா நிப்பாரு."

"பொய்யான வலி வச்சா நிக்காஹே செல்லாதும்மா!"

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

மிளகாய்ப் புகையில் மூவருக்கும் இருமல் வந்தது. மாமி மட்டும் கிண்டுவதை நிறுத்தவில்லை. "அவரு ஆஸ்பத்திரியில என் வெரலப் பிடிச்சாரு" என்றார் யாரிடமோ சொல்வது போல. அப்போது ஃபோன் இல்லை, நேரலை இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ஃபாத்திஹா தனியாக ஜுருவுக்குப் போய்விட்டு வந்தாள். கடையில் அவள் அத்தாவை 'ஹந்து' என்று கூப்பிடுகிறார்களாம், பேய் என்று. யாரோ பாக்கெட்டை வாங்கிவந்து அவர் மேசையில் ஒட்டியிருக்கிறார்கள். "வர்றேன்னு சொன்னாரு. ஒப்புதல் பாரத்துல கையெழுத்துப் போட. வியாழக்கிழம சாயங்காலம், அசர் தொழுகைக்கு அப்புறம்."

"வியாழக்கிழமை நேரலை ஆச்சே?"

"தெரியும்" என்றாள்.

அந்த வியாழன் நானும் அங்கே இருந்தேன். மாமி வெள்ளை முக்காட்டில், வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பேச்சு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்திருந்தது. திரையில் பிரார்த்தனைகள் ஏறிக்கொண்டிருந்தன. திடீரென்று ஒரு வரி வேறு மாதிரி வந்தது. 'மாமி, பின்னாடி யாரு?' அடுத்தடுத்து இன்னும் பல. 'கதவுகிட்ட யாரோ நிக்கிறாங்க.' 'யா அல்லாஹ், அந்த முகம்.'

நான் நிமிர்ந்தேன். திறந்த வாசலில், நரைத்து மெலிந்து, அந்த ஃபெரி துறை இளைஞர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாமி கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். தன் தோளுக்குப் பின்னால் இருந்த சின்ன உருவத்தை. திரும்பவில்லை. வாய் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் கதையைச் சொல்லி, நின்றுபோனது.

"இது எங்க அத்தா" என்றாள் ஃபாத்திஹா, ஃபோனைத் தன் பக்கம் திருப்பி. "மவுத்தாகல. என் நிக்காஹுக்கு வலியா வந்திருக்காரு." நேரலையை நிறுத்தினாள்.

என் ஃபோன் அதிர்ந்தது. சுகுமாரன் அண்ணன். "எதுக்கு கட் பண்ணீங்க? திரும்பி வந்த அத்தா! இன்னிக்கே எழுது தனு, இன்னிக்கே!" அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். அழைப்பைத் துண்டித்தேன்.

அதற்குள் ஃபாத்திஹாவை ரொஸ்னா அம்மா அழைத்திருந்தார். அவள் ஃபோனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அத்தா உசிரோட இருக்காரு. அல்ஹம்துலில்லாஹ், சந்தோஷம்தான்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த வெரலப் பிடிச்ச கதைக்கு நான் எத்தன நாள் அழுதிருக்கேன். இப்ப உங்க வீட்டுல எத நம்புறதும்மா? நீ சதாம் கிட்ட சொன்னதெல்லாம்?"

"நான் சொன்னது எல்லாம் உண்ம மாமி."

"உங்கம்மாவும் இதே மாதிரிதாம்மா சொன்னாங்க." லைன் நின்றது.

இஸ்மாயில் அந்த ஒப்புதல் பாரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். "கல்யாணமே இல்லன்னா இது எதுக்கு?" என்று பேனாவை வைக்கப் போனார்.

"எழுதுங்கத்தா. கல்யாணம் நடக்குதோ இல்லையோ, எழுதுங்க."

அவர் குனிந்து தன் பெயரை எழுத ஆரம்பித்தார். மாமி அப்போதுதான் திரும்பினார். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாளில் விழுவதைப் பார்த்துக்கொண்டே, முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, இறந்தவரின் மையத்துக்கு முன்னால் அழுவது போல அழுதார்.