சகலையின் செடி

நான் இந்த ஊருக்குக் குடிவந்த அன்று ஹார்மென் வேலிமேல் ஏறி நின்று பக்கத்துப் பசுமைக்குடிலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவன் சகலை வெஸ்ஸெலுடையது. இருவருக்கும் கஞ்சா விதை உண்டாக்கி விற்பதுதான் தொழில்; இந்த நாட்டில் அது கடை வைத்தே விற்கிற சரக்கு.

"அந்தாளு தண்ணி ஊத்துறதே சரியில்ல," என்றான் என்னிடம், வணக்கம்கூடச் சொல்லாமல்.

உண்மையில் சரியில்லாதது ஹார்மெனின் விதைதான். இருவரிடமும் விதை வாங்கும் குரோனிங்கன் நகரத்துக் கடைக்காரி யான்னாவுக்கு, போட்ட விதையெல்லாம் ஒன்றுபோல வளர்ந்து ஒன்றுபோல மணக்க வேண்டும். அதற்குத் தாய்ச்செடியும் தகப்பன்செடியும் குணம் மாறாதவையாக அமைய வேண்டும். தலைமுறைதோறும் குணம் விலகி நிற்கும் செடியைப் பிடுங்கி எறிய வேண்டும். வெஸ்ஸெல் ஈவிரக்கமில்லாமல் பிடுங்குவான். ஹார்மெனுக்குப் பகட்டாக ஒரு செடி கிளம்பிவிட்டால் கை வராது.

இருவர் விதையையும் போட்டுப் பார்த்து, இனி ஒருவரிடம் மட்டுமே வாங்கப்போவதாக யான்னா சொல்லிவிட்டாள். ஹார்மெனுக்குச் சோறு இறங்கவில்லை.

வெஸ்ஸெலின் மனைவிக்குப் பிறந்தநாள் வந்தது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருக்க, ஹார்மென் கழிப்பறைக்கென்று எழுந்து பின்வாசல் வழியே குடிலுக்குள் நுழைந்தான். நடுவில் மகாராணிபோல நின்ற செடியில் ஒரு கொப்பை ஒடித்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது வாடை கூரையைத் தொட்டது. அந்த வீட்டில் எல்லோர்மேலும் அதே வாடைதான் என்பதால் தப்பித்தான்.

"கோட்டைக் கழட்டுங்களேன், வேர்த்து ஊத்துது," என்றாள் அவன் மனைவி ஆல்ட்யே.

"எனக்குக் குளிருதுடி!"

கொப்பு வேர்விட்டது. அதையே தாயாக்கி, தன் ஆண்செடியோடு சேர்த்து, விதை எடுத்து யான்னாவிடம் கொடுத்தான். செடிகள் வளர்ந்ததும் அவள் இருவரையும் கூப்பிட்டாள்.

"என்ன ஹார்மெண்ணே, சந்தைக் கூட்டமாட்டம் நிக்குது? ஒண்ணு எலுமிச்சை வாசம், ஒண்ணு டீசல் வாசம்!"

வெஸ்ஸெல் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தான். சிரித்துவிட்டான்.

"சகல, இது எங்க வீட்டுப் பொண்ணு பெத்ததுல்ல? திருடினதுதான் திருடின, நடுவுல நிக்கிறவளையா ஒடிப்ப? அவளே கலப்புல பொறந்தவ. அவ புள்ளைங்க எப்படி ஒண்ணுபோல இருக்கும்? நான் விதை எடுக்கிறதே அவளோட அப்பனையும் ஆத்தாளையும் சேர்த்துத்தான்; அதுங்க தண்ணித்தொட்டி ஓரமா சோப்ளாங்கியா நிக்குதுங்களே, கண்ணுல படலையா?"

ஹார்மெனுக்கும் இது தெரியாத பாடமல்ல. அன்றைக்கு அவன் கண்ணுக்கு அந்த மகாராணியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன், சகல."

"நீ குடுத்து நான் வாங்கணுமாக்கும்!"

யான்னா இப்போது வெஸ்ஸெலிடம் மட்டுமே வாங்குகிறாள். ஹார்மென் தக்காளி போட்டுச் சனிக்கிழமைச் சந்தையில் விற்கிறான். ஆல்ட்யே வெஸ்ஸெல் வீட்டிலிருக்கும் தன் தங்கைக்கு ஒரு கூடை கொடுத்தனுப்பினால், அன்று முழுக்க ஹார்மென் மனைவியோடு பேசுவதில்லை.