நான்காம் நாள் ஊமையான மணி

அலுவலகத்தில் அவளை 'நொட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. கண்டுபிடித்ததும் முகம் சுளிப்பது மற்றவர்கள் வேலை. பன்னிரண்டு வருடமாக இரு தரப்பும் கடமை தவறவில்லை.

அந்த வருடம் ஆஸ்பத்திரிகளுக்கான அழைப்பு மணி மென்பொருள் வந்தது. நோயாளி கட்டிலருகே பட்டனை அழுத்தினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்க வேண்டும். அதை நம்பலாமா என்று பார்க்க, அணைக்காமல் ஓடவிட்டு, ஆஸ்பத்திரியில் வருகிற மாதிரியே நிமிஷத்துக்கு ஒரு அழைப்பு போகும்படி வைத்தாள். மூன்று நாள் கணீரென்று அடித்தது. நான்காம் நாள் திரையில் எல்லாம் பச்சை, மணிதான் அடிக்கவில்லை. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் நான்காம் நாள்.

மேலாளரிடம் போனாள். வாயாலேயே மலையைப் புரட்டுகிற மனிதர். அறைக் கண்ணாடியில் 'தரமே உயிர்' என்று ஒட்டியிருந்தார். ஒட்டியதோடு தரத்தின் ஜோலி தீர்ந்தது அவருக்கு.

"தினம் காலைல அணைச்சுப் போட்டா சரியாயிடுதுல்ல?"

"ஆயிடுது சார்."

"அப்புறம் என்ன? யாரும்மா நாலு நாள் விடாம ஓட்டப்போறா?"

"ஆஸ்பத்திரி, சார். அவங்க ஞாயித்துக்கிழமை நோயாளிய வீட்டுக்கு அனுப்புறதில்ல."

அவர் சிரிக்கவில்லை. சோதனை அறிக்கையை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். யோசிக்கிறேன் என்று வந்துவிட்டாள்.

வீட்டில் கணவன், "ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன். உனக்கெதுக்கு வம்பு?" என்றான்.

"உங்கம்மாவ அந்தக் கட்டில்ல படுக்கவெச்சுட்டு இதச் சொல்லுங்க."

அவன் துணி மடிக்கப் போனான்.

அவள் போடவில்லை. மேலாளரே போட்டார், பெரிதாக, கோணலாக. 'பிழை: ஏதுமில்லை.'

ஆஸ்பத்திரியில் பொருத்திய நான்காம் நாள் மணி ஊமையானது. கால் முறிந்த ஒருவர் அரைமணி நேரம் பட்டனை அழுத்திச் சலித்து, டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டி வார்டையே கூட்டிவிட்டார். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தலைமை நர்ஸ் நேரே அலுவலகத்துக்கு வந்து கிழித்தார்: "உங்க மணியவிட அந்த டம்ளர் உசத்தி!"

மேலாளர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இத நீ முன்னாடியே சொல்லக் கூடாதா?"

இதைப் பற்றி மேலாளருக்கு அனுப்பியிருந்த பதினொரு மின்னஞ்சல்களை அவள் அச்செடுத்து வந்து நர்ஸ் கையில் கொடுத்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் மேலாளரின் ஒரே பதில்: 'பிறகு பார்க்கலாம்.' நர்ஸ் பதினொன்றையும் உரக்கப் படித்தார், ஒன்றைக்கூட விடாமல்.

சரிசெய்ய ஒரு மதியம்தான் பிடித்தது. முடிந்த அழைப்புகளை அழிக்காமல் சேர்த்துச் சேர்த்தே மென்பொருள் மூச்சுமுட்டிப் போயிருந்தது, அவ்வளவுதான். 'துரிதமாகச் செயல்பட்டதற்காக' மேலாளருக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். இப்போது அவர் எல்லோருக்கும் நம்பகத்தன்மை பற்றி வகுப்பெடுக்கிறார். அவளும் கடைசி வரிசையில் உட்கார வேண்டும்.

முதல் வகுப்பிலேயே அவர் காட்டிய படங்களில் மூன்று தப்பு. அவள் கையைத் தூக்கினாள்.