பெற்றவளுக்கு வேற்று முகம்

என் பேரன் விழித்துக்கொண்டு என் மடியில் கிடந்தபோதே, அவன் தூங்கிவிட்டான் என்று அவன் தாயிடம் தொலைபேசியில் பொய் சொன்னேன். ஒருமுறை அல்ல, பல மாதங்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

என் மனைவி இப்போது இல்லை. மகன் சரவாக்கில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருக்கிறான். வீட்டுக்கு வருவது அபூர்வம். பிரசவ விடுப்பு முடிந்த கொஞ்ச நாளில் மருமகளுக்குக் கோலாலம்பூர் அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது. ஓராண்டு அங்கே இருந்தால் பதவி உயர்வோடு பினாங்குக்கே திரும்பலாம். "ஒங்களால முடியுமா மாமா?" என்று கேட்டாள். பள்ளியில் அறிவியல் போதித்து ஓய்வு பெற்றவன் நான். முடியும் என்றேன். அப்படித்தான் ஒரு கைக்குழந்தை, பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், என் பொறுப்பில் வந்து சேர்ந்தான்.

பால் கலக்கவும், தோளில் போட்டு ஏப்பம் விடவைக்கவும், ஸ்பிரிங் தொட்டிலை எந்த வேகத்தில் ஆட்டினால் கண் சொருகும் என்பதையும் பழகிக்கொண்டேன். என் மகன் குழந்தையாக இருந்தபோது இதில் ஒன்றையும் நான் செய்ததில்லை. மாலையில் டியூஷன், அப்புறம் சங்கக் கூட்டம் என்று திரிந்தவன். எழுபது வயதுக்கு மேல், ஓர் உயிர் என் காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்புகிறது. அந்தச் சுகம் என்னை மயக்கிவிட்டது.

மருமகள் தினமும் வேலை முடிந்ததும் வீடியோவில் அழைப்பாள். முதலில் குழந்தையைக் காட்டினேன். அவள் குரலைக் கேட்டுவிட்டு, திரை அணைந்ததும் அவன் அழுவான். சமாதானமாக வெகுநேரம் ஆகும். அதனால்தான் தூங்கிவிட்டான் என்று சொல்லத் தொடங்கினேன். இது பாதி உண்மை. மீதி என்னவென்றால், அவன் தேடும் ஆள் நான் மட்டுமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பழகிய முகம், பழகாத முகம் என்று குழந்தை பிரித்துப் பார்க்கத் தொடங்கும் பருவத்தை நம்மவர்கள் வேற்று முகம் என்பார்கள். அவனுக்கு அது வந்த சமயம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் மருமகள் ஒரு சனிக்கிழமை ஊர் வந்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். அவன் அவளை உற்றுப் பார்த்தான். உதடு பிதுங்கியது. வீறிட்டு அலறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டார். "ஐயோ, இங்க பாருங்கலா! பெத்தவளுக்கே வேத்து முகம் காட்டுறான்!"

"தாத்தா இருந்தா அவனுக்கு வேற யாரும் வேணாம்லா" என்று நானும் சிரித்தேன்.

மருமகள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு நாளும் அவள் அவனைத் தூக்கும்போதெல்லாம் அவன் அழுதான். அழுத மறுகணம் நான் வாங்கிக்கொண்டேன். உதவி செய்வதாகப் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளைச் சுங்கை நிபோங் பேருந்து நிலையத்தில் விடக் கிளம்பினோம். குழந்தை பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தான். இறங்குமுன் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போ என்றேன்.

"வேணாம் மாமா. முழிச்சா என்னைப் பாத்து அழுவான். இனிமே மாசத்துக்கு ஒருதரம் வரேன். ஒங்ககிட்டயே நல்லா இருக்கான்ல."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். விட்டுக்கொடுத்த குரலில் சொன்னாள். ஒரு தாய் தன் பிள்ளையைக் கைவிட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு வழி அமைத்தவன் நான். நிலைய வாசலுக்கு அருகே காரை ஓரம் கட்டினேன்.

"அவன் தூங்கலம்மா. நீ போன் பண்ணப்பல்லாம் முழிச்சுத்தான் இருந்தான். நான்தான் பொய் சொன்னேன்."

"தெரியும் மாமா" என்றாள். "பின்னால அவன் சத்தம் கேக்கும்."

"தெரிஞ்சும் ஏம்மா கேக்கல?"

"பாத்துக்கிறது நீங்க. நான் எந்த வாயால கேக்கிறது?"

மன்னித்துவிடு என்றேன். அவள் இறங்கினாள். பின்கதவைத் திறந்து, அவனை எழுப்பாமல், பாதத்தை மட்டும் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பேருந்துக்குப் போனாள்.

அன்று முதல் என்னால் ஆனதைச் செய்தேன். அவன் கஞ்சி குடிக்கும் நேரத்தில் நானே அவளை அழைத்தேன். அவள் பேசப் பேச நான் ஊட்டுவேன். அவள் வீட்டில் உடுத்திய கைலியைத் துவைக்காமல் வைத்துவிட்டுப் போகச் சொல்லி, அவள் வாசம் இருக்கட்டும் என்று அதையே தொட்டிலில் கட்டினேன். அவளை மாதம் ஒருமுறை அல்ல, வாராவாரம் வரச் சொன்னேன். வந்ததும் நான் வீட்டைவிட்டு வெளியே போய்விடுவேன். அதுதான் கடினமாக இருந்தது. முதல் நாள் மின்தூக்கிக்காகக் காத்திருக்கையில் அவன் அலறல் கேட்டது. என் கால்கள் தாமாகத் திரும்பின.

பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். "என்ன சார், மருமக வெரட்டிட்டாளா?"

"நானாத்தான் போறேன்."

"புள்ள கத்துறானே!"

"அவன் அம்மா இருக்கால்ல, பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டுப் படியிலேயே இறங்கினேன். மார்க்கெட் பக்கம் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து, காப்பி ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழந்தைக்கு ரத்த உறவு தெரியாது. அழுதால் வரும் கை எது என்றுதான் தெரியும். பல வாரங்கள் அவள் அந்தக் கையாக இருந்து பார்த்தாள். அழுதான், உதைத்தான், அவள் கீழே வைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை நான் திரும்பி வந்தபோது அவன் அவள் வயிற்றின்மேல் குப்புறக் கிடந்து உறங்கிக்கொண்டிருந்தான். அவள் அசையப் பயந்து, கண்ணாலேயே மின்விசிறியைக் குறைக்கச் சொன்னாள்.

மாற்றல் முடிந்து அவள் ஊருக்கே வந்துவிட்டாள். சென்ற வாரம் தடுப்பூசிக்குப் போனோம். அவள் கிளினிக்கின் முகப்பு மேசையில் பேசிக்கொண்டிருக்க, அவன் என் மடியில். ஊசி ஏறியதும் என் நெஞ்சைத் தள்ளிவிட்டு, அவள் நின்ற திசையில் கைகளை நீட்டி அழுதான். அவள் ஓடிவந்து வாங்கினாள். எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகும்.

கார் நிறுத்தத்தில், "கொஞ்சம் பிடிங்க மாமா" என்று அவனை என்னிடம் நீட்டினாள். அழாமல் வந்தான். அம்மா எங்கும் போகவில்லை என்ற தெம்பில் என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தான். அவள் என்னை நம்பி அவனை நீட்டினாள், அவன் அவளை நம்பி என்னிடம் வந்தான். பொய் சொன்ன எனக்கு இது அதிகம்.