கையைத் தூக்கச் சொன்ன நாள்

பதுளையில் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். அதிகாரிகள் சிங்களத்தில் பேசுவதைத் தமிழில் சொல்வது என் வேலை.

போன வருடம் உடற்பயிற்சி விழிப்புணர்வுக்காக லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். கடைசி ஏற்றம் நடந்தால் பத்து நிமிடம்தான். எங்கள் அதிகாரி இறங்க மாட்டேன் என்றதால் வேன் திணறித் திணறி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல் வரை ஏறியது. அங்கே, பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்களை வீட்டுக்கு விடாமல் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். சிலர் காலில் அட்டை கடித்த இரத்தம் இன்னும் காயவில்லை.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தபடி பேசினார். நான் தமிழில் சொன்னேன்: "தினமும் அரை மணி நேரமாவது நடக்கணும். உடம்ப அசைக்காம இருந்தா நோய் வரும்."

முன்வரிசையில் நின்ற பெண் கேட்டாள்: "ஏன் மிஸ், காலையில இருந்து நாங்க என்னா செஞ்சோம்னு நெனைக்கிறாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். "நல்ல யோசனை என்கிறாள்" என்றேன். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

பிறகு படம் எடுக்க எல்லோரும் கையைத் தூக்க வேண்டுமாம். அந்தப் பெண்ணின் வலது கை தோளுக்கு மேல் போகவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே என்றார் படம் எடுத்தவர். அதையும் தமிழில் சொன்னேன்.

"எங்களுக்கு வேணாம் மிஸ்," என்றாள் அவள், கையைத் தேய்த்துக்கொண்டே. "புள்ளைகளுக்குத்தான் வேணும். கிரவுண்ட போயி பாருங்க."

போய்ப் பார்த்தேன். மைதானத்தில் ரோட்டு வேலைக்காரர்கள் கொட்டிய சல்லிக் கற்களும் குழாய்களும் கிடந்தன. பிள்ளைகள் வாசற்படிகளில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இந்த முறை அவள் சொன்னதை எதையும் மாற்றாமல் அதிகாரியிடம் சொன்னேன். முதலில் அவள் கேட்டதையும் சேர்த்தே சொன்னேன். அதிகாரி தேநீரோடு வைத்த பெட்டிஸைக் கடித்தபடி, அது நம் விடயம் அல்ல என்றார். திரும்பும் வழியெல்லாம் தன் முழங்கால் வலியைப் பற்றியே பேசினார்.

மைதானத்தைப் பற்றி அறிக்கையில் நான் எழுதிய பத்தியை அவர் வெட்டிவிட்டார். அதையே என் பெயரில் கடிதமாக எழுதித் தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய், அந்த ஏற்றத்தை மூச்சிரைக்க நடந்து ஏறிப் பார்த்தேன். குழாய்களை அகற்றியிருந்தார்கள். சல்லி அப்படியே கிடந்தது. மிச்சமிருந்த பாதி இடத்தில் பெண் பிள்ளைகள் கம்பால் பந்தை அடித்துவிட்டு ஓடும் எல்லே விளையாடினார்கள். ஒருத்தி பந்தைத் துரத்தி ஓடிச் சல்லியில் விழுந்தாள். முழங்கால் உரிந்துபோனது. எழுந்து, பந்தை எறிந்துவிட்டுத்தான் காயத்தைப் பார்த்தாள்.